உழைப்பு, சிக்கனம், சேர்ந்த பணத்தின் கடமை: வரிசை மாறாமல் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பணத்தைப் பற்றி எழுதப்படுவதில் பாதி எப்படிச் சம்பாதிப்பது என்பது, மீதிப் பாதி எதில் போடுவது என்பது. நடுவில் இருக்கும் சிக்கனம் வெறும் அறிவுரையாகச் சுருங்கிவிட்டது, சேர்ந்த பிறகு அந்தப் பணத்தோடு வரும் கடமையையோ கிட்டத்தட்ட யாரும் தொடுவதே இல்லை. எனக்கு இவை மூன்றும் ஒரே விஷயம். வேலைப் பழக்கம் சரியில்லாதவர் கையில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இருக்காது, மிச்சம் பிடிக்கத் தெரியாதவர் எவ்வளவு வந்தாலும் கைக்கும் வாய்க்குமாகவே இருப்பார், கடமை தெரியாமல் பணக்காரர் ஆனவரின் சிக்கனம் கடைசியில் அவரிடம் வேலை செய்பவரின் கூலியில் வந்து நிற்கும். சிக்கனத்தை நம் சொந்த வசதியில் காட்டலாம், அடுத்தவருக்குச் சேர வேண்டியதில் காட்டக் கூடாது. கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான்.

முடிந்தவரை இதே வரிசையில் போங்கள். கடனை அடைக்காமல் முதலீட்டுக்குத் தாவுவதும், சம்பள பாக்கி வைத்துக்கொண்டு நன்கொடை கொடுப்பதும் வரிசை மாறியதால் வரும் வினைகள்.

படி 1: ஒரு வாரம் நேரக் கணக்கு எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். ஆப் எல்லாம் வேண்டாம், ஒரு தாள் போதும். வாரக் கடைசியில் அதைப் பார்த்தால், ஓய்வு எடுத்ததில் நேரம் போகவில்லை, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி மறுபடி திரும்பி வந்ததில்தான் போயிருக்கிறது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியவரும்.

1955-ல் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர், அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்து எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு விதியைச் சொன்னார்: ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அந்த நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு அந்த வேலை விரியும். கிண்டலாகச் சொன்னதுதான், ஆனால் உங்கள் தாளில் அது அப்படியே இருக்கும். எனவே எந்த வேலைக்கும் தொடங்கும் நேரத்தைவிட முடிக்கும் நேரத்தைக் குறிப்பது முக்கியம்.

படி 2: நாலே நாலு வேலைப் பழக்கம்

விடிகாலை எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது மாதிரி விஷயங்களை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. எழும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

முதலாவது, முந்தின நாள் வேலை முடிக்கும்போதே மறுநாளுக்கான மூன்று வேலைகளை எழுதி வைப்பது, அதில் தள்ளிப்போடத் தோன்றும் ஒன்றை முதலில் எடுப்பது. அந்த வேலைக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், போன் வேறு அறையில்.

இரண்டாவது, முடிப்பது. முக்கால்வாசி முடிந்த பத்து வேலைக்கு யாரும் காசு தர மாட்டார்கள், முழுசாக முடிந்த மூன்றுக்குத் தருவார்கள். புதிதாக ஒன்றைக் கையில் எடுக்கும் முன் பழையதில் ஒன்றை முடிப்பது அல்லது வெளிப்படையாகக் கைவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் திறமையைவிட இதுதான் பலருடைய வருமானத்தைத் தீர்மானிக்கிறது: சொன்ன தேதி. வேலை கொடுப்பவர் உங்கள் திறமையை எடைபோட நாளாகும், சொன்ன தேதியில் வந்ததா இல்லையா என்பதை முதல் தடவையிலேயே எடைபோட்டுவிடுவார். தேதி கேட்டால் எதிரில் இருப்பவர் கேட்க விரும்புவதைச் சொல்லாதீர்கள், உங்களுக்கு நிஜமாகத் தோன்றும் நாளோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்லுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள், கெடு முடியும் நாள் சாயங்காலம் போனை எடுக்காமல் இருப்பது உங்கள் அடுத்த ஐந்து வேலைகளைக் கெடுக்கும். கேட்டதற்கெல்லாம் சரி சொல்வதைவிட, முடியாததை முதலிலேயே முடியாது என்று சொல்பவருக்குத்தான் நாளடைவில் மதிப்பு கூடும். "அவரிடம் கொடுத்தால் வந்துவிடும்" என்ற ஒரு பேச்சு பரவினால் அதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை.

நான்காவது தூக்கம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தூங்காமல் வேலை பார்த்தேன் என்பதைத் தியாகமாகச் சொல்பவர்கள் மறுநாள் செய்த தப்புகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 3: செலவை வேறு மாதிரி பிரியுங்கள்

ஒரு மாதச் செலவை எழுதிப் பார்க்கச் சொல்லாத ஆள் இல்லை. எழுதுங்கள், ஆனால் வாடகை, பயணம், துணி என்று பிரிக்காதீர்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: திரும்ப வாய்ப்புக் கிடைத்தாலும் இதே செலவைச் செய்வேன் என்பது ஒன்று, யோசிக்காமல் பழக்கத்தில் போனது ஒன்று, யாரோ பார்க்க வேண்டும் என்பதற்காகப் போனது ஒன்று. முதல் குவியலைத் தொடவே தொடாதீர்கள். இரண்டாவதில் கொஞ்சம் கை வையுங்கள். மூன்றாவதைக் குறைத்தால் உங்களுக்கு வலிக்காது, பார்ப்பார்கள் என்று நீங்கள் நினைத்தவர்களும் கவனிக்க மாட்டார்கள்.

தினசரிச் சில்லறைச் செலவை அறுத்தால் கோடீஸ்வரர் ஆகலாம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த அளவு வீடு, எந்த வண்டி, எத்தனை மாதத் தவணை என்று சில வருடங்களுக்கு ஒருமுறை எடுக்கும் நாலைந்து முடிவுகளில்தான் பெரும்பணம் இருக்கிறது. அங்கே அகலக்கால் வைத்துவிட்டு, அப்புறம் மாதம் முழுக்கச் சில்லறைக்குக் கணக்குப் பார்ப்பது எரிச்சலைத்தான் தரும்.

விலையை வேலை நேரமாக மாற்றிப் பார்ப்பது நல்ல வழி. மாத வருமானத்தில் வரி, வேலைக்குப் போய் வரும் செலவு இரண்டையும் கழித்து, பயண நேரத்தையும் சேர்த்த மொத்த மணி நேரத்தால் வகுங்கள். உங்கள் ஒரு மணி நேரத்தின் உண்மையான மதிப்பு வந்துவிடும், அது நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இந்தப் பொருளுக்காக நாற்பது மணி நேரம் உழைப்பேனா என்ற கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள். பெரிய பொருள் என்றால் பெயரையும் தேதியையும் எழுதி 30 நாள் வைத்திருங்கள், பாதிக்கு மேல் தானாக உதிர்ந்துவிடும்.

கஞ்சத்தனம் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் உழைக்கும் செருப்பையும் கருவியையும் கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் பராமரிப்பது சிக்கனம். பல் வலிக்கு மருத்துவரைப் பார்க்காமல் காசை மிச்சம் பிடிப்பது, பின்னால் பெரிய செலவுக்கு முன்பணம் கட்டுவது.

வருமானமே அடிப்படைத் தேவைக்குப் பற்றவில்லை என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிப்பதற்கு ஒரு தரைமட்டம் உண்டு, அதற்குக் கீழே போனால் உடம்பும் பிள்ளைகள் படிப்பும்தான் விலை. அங்கே தீர்வு இரண்டாம் படியிலும், கூலியை உயர்த்திக் கேட்பதிலும், வேலை மாறுவதிலும் இருக்கிறது.

படி 4: வரவுக்கும் செலவுக்கும் நடுவில் இடைவெளி

இதில் ஒரு சின்னக் கணக்கைப் புரிந்துகொண்டால் போதும். வட்டி எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வருமானத்தில் 10 சதவீதம் சேமிப்பவர் ஒரு வருடச் செலவுக்கான பணத்தைச் சேர்க்க 9 வருடம் உழைக்க வேண்டும். 20 சதவீதம் என்றால் 4 வருடம். 25 என்றால் 3. பாதியைச் சேமிப்பவருக்கு ஒரே வருடம். சேமிப்பு கூடும்போது இரண்டு பக்கமும் லாபம், சேர்வதும் கூடுகிறது, சேர்க்க வேண்டிய இலக்கும் சிறுத்துவிடுகிறது. சம்பளம் எவ்வளவு என்பதைவிட இந்த விகிதம்தான் ஒருவர் எப்போது பிடிக்காத வேலையை விட்டு எழ முடியும் என்பதைச் சொல்கிறது.

அதே பார்க்கின்சன் 1960-ல் இரண்டாவது விதி ஒன்றையும் சொன்னார்: வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் செலவு அதை எட்டிப் பிடிக்கும். இதற்கு மனவுறுதியை நம்பிப் பயனில்லை. சம்பளம் வந்த அன்றே சேமிப்பு தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். ஒவ்வொரு ஊதிய உயர்விலும் பாதியை முதல் மாதத்திலேயே, அந்தப் பணத்துக்குப் பழகும் முன், அந்தக் கணக்குக்குத் திருப்புங்கள். மீதிப் பாதியை அனுபவியுங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம்.

படி 5: கடன்

72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருடத்தில் இரட்டிக்கும் என்று தோராயமாக வரும். 6 சதவீதத்துக்கு 12 வருடம், 8 சதவீதத்துக்கு 9 வருடம். சேமிப்புக்கு இதைப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள் கடனுக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 36 சதவீதக் கடன் இரண்டே வருடத்தில் இரட்டிக்கும். மாதம் 3 சதவீதம்தானே என்று சொல்லிக் கடன் தருவார்கள், அது வட்டிக்கு வட்டியாக வருடத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல் போகும். அந்த அளவுக்கு உறுதியாக வருமானம் தரும் முதலீடு எதுவும் கிடையாது என்பதால், கூடுதல் வட்டிக் கடனை அடைப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல முதலீடு.

எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் அதிக வட்டி உள்ள ஒன்றின் மேல் போடுங்கள். சிறிய கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்பார்கள், வரும்தான், ஆனால் அந்த உற்சாகத்துக்கும் நீங்கள்தான் வட்டி கட்டுகிறீர்கள். அடுத்தவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தக் கடன் முழுவதும் உங்களுடையது என்று நினைத்துப் பாருங்கள், வங்கி அப்படித்தான் நினைக்கிறது.

படி 6: விழுந்தால் தாங்க

மூன்று முதல் ஆறு மாதச் செலவு, நினைத்தவுடன் எடுக்க முடிகிற இடத்தில். வருமானம் ஏறி இறங்கும் தொழில் என்றால் ஒரு வருடம் வரை. இது லாபம் பார்க்கும் பணம் இல்லை, பங்குச் சந்தையில் போடாதீர்கள். சந்தை சரியும் காலத்தில்தான் வேலையும் போகும்.

காப்பீடு, உங்களால் தாங்க முடியாத அடிக்கு மட்டும்: பெரிய மருத்துவச் செலவு, உங்களை நம்பி ஆட்கள் இருந்தால் உங்கள் உயிர். சேமிப்பையும் காப்பீட்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

படி 7: வளர விடுவது

அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1790-ல் இறந்தபோது பாஸ்டன், பிலடெல்பியா என்ற இரண்டு அமெரிக்க நகரங்களுக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டு எழுதி வைத்தார். இளம் கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் தொழில் தொடங்கக் கடன் கொடுக்க வேண்டும், 100 வருடம் கழித்து ஒரு பகுதியைப் பொதுப் பணிக்கு எடுக்கலாம், மீதியை 200 வருடம் முடிந்தபின் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1990-ல் பாஸ்டனின் நிதி 45 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது, பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம். விதை ஒன்று, காலம் ஒன்று, நிபந்தனை ஒன்று, ஆனாலும் பார்த்துக்கொண்ட விதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

நம் அளவில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கட்டணத்தில் இருக்கிறது. வருடம் 7 சதவீதம் வளரும் பணம் 30 வருடத்தில் ஏழரை மடங்கு ஆகும். அதில் வருடத்துக்கு 1 சதவீதத்தை நிர்வாகக் கட்டணமாக யாராவது எடுத்துக்கொண்டால் ஐந்தே முக்கால் மடங்குதான், கால்வாசி போய்விட்டது. வருமானம் எவ்வளவு வரும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது, கட்டணம் எவ்வளவு என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புரியாததில் போடாதீர்கள், அவசரப்படுத்துபவரிடம் வாங்காதீர்கள்.

படி 8: போதும் என்ற எண்ணை எழுதுங்கள்

பணம் சேரும் முன்பே இதைச் செய்ய வேண்டும், சேர்ந்த பிறகு எழுதினால் அந்த எண் நகர்ந்துகொண்டே இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ போதகர் ஜான் வெஸ்லி, ஆக்ஸ்போர்டில் இருந்த ஒருவரின் கணக்கைச் சொல்லியிருக்கிறார், அது அவரேதான் என்பது பொதுவான கருத்து. முதல் வருடம் 30 பவுண்டு வருமானம், 28-ல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது, அப்போதும் 28-ல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். மூன்றாம் வருடம் 90, நான்காம் வருடம் 120, வாழ்க்கைச் செலவு அதே 28. விலைவாசி, குழந்தைகள், வயதான பெற்றோர் எல்லாம் இருக்கும்போது அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது, சரி. ஆனால் ஒரு உச்சவரம்பு இருந்தால், அதற்கு மேல் வருவது எனக்கு எதற்கு என்ற கேள்வி தானாக எழும்.

படி 9: கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத் தானம்

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, பணக்காரராகச் சாவது அவமானம் என்று 1889-ல் எழுதியவர். உலகம் முழுவதும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் அவர் பணத்தில் எழுந்தன. அதே மனிதரின் ஹோம்ஸ்டெட் உருக்காலையில் 1892-ல் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிற்சங்கம் நின்றது. அவர் ஸ்காட்லாந்தில் இருந்தார், நிர்வாகி 300 தனியார் காவலாட்களை வரவழைத்தார், இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள், சங்கம் உடைந்தது. அந்த நூலகங்களில் படித்து முன்னேறியவர்கள் ஏராளம், அதை மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உருக்காலையில் நின்றவருக்கு நூலகம் போக நேரம் ஏது என்று அப்போதே கேட்டார்கள், அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் இல்லை.

அதனால் நன்கொடைப் பட்டியல் போடும் முன் இவற்றை முடியுங்கள்: உங்களிடம் வேலை செய்பவர்களின் சம்பளம், வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளமும் சேர்த்து, குறித்த தேதியில். பொருள் கொடுத்தவரின் பில், அவர் இரண்டாம் முறை கேட்கும் முன். வரி, முழுசாக. கைமாற்று வாங்கியது, அவர் மறந்திருந்தாலும். சம்பளத்தை இழுத்தடிப்பது சாதாரண விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: இதற்காகவே 1949-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை போட வேண்டியிருந்தது. உங்களுக்குப் பத்து நாள் தாமதம் என்பது வாங்குபவருக்குப் பத்து நாள் வட்டி. பேரம் பேசும் பழக்கம் இருந்தால் உங்களைவிடப் பெரியவரிடம் பேசுங்கள், சுமை தூக்குபவரிடம் வேண்டாம்.

இனி கொடுப்பது. கொடுக்கப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஓசியோலா மெக்கார்ட்டி என்ற பெண் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, எண்பது வயது தாண்டும் வரை ஊரார் துணிகளைத் துவைத்துப் பிழைத்தவர். தனக்குப் பின் சேமிப்பு யாருக்கு என்று முடிவு செய்ய, வங்கியில் பத்து நாணயங்களை அவர் முன் வைத்தார்கள். ஒன்று தேவாலயத்துக்கு, மூன்று உறவினர்கள் மூவருக்கு, மீதி ஆறும் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு என்று ஒதுக்கினார். 1995-ல் அது 1,50,000 டாலர் உதவித்தொகை நிதியாக அறிவிக்கப்பட்டது. நீங்களும் பத்து நாணயத்தை எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள், சதவீதத்தில் யோசிக்கும்போது வராத தெளிவு கையில் நகர்த்தும்போது வரும்.

செய்முறையில் சில: வருமானத்தில் ஒரு விகிதத்தை நிர்ணயித்துத் தனிக் கணக்கில் போடுங்கள், யாராவது கேட்கும்போது கூச்சத்தில் கொடுப்பது நிற்கும். கட்டடத்துக்குக் கொடுப்பதைவிட அதை நடத்தும் செலவுக்குக் கொடுங்கள். கார்னகி இதில் கெட்டிக்காரர், நூலகத்துக்குக் கொடுக்கும் தொகையில் 10 சதவீதத்தை அந்த ஊர் வருடாவருடம் பராமரிப்புக்கு ஒதுக்கச் சம்மதித்தால்தான் பணம். ஒரு இடத்துக்குத் தொடர்ந்து சில வருடம் கொடுப்பது, பத்து இடத்துக்கு ஒருமுறை கொடுப்பதைவிட வேலை செய்யும். வாங்குபவரைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள். விமான நிலைய வரியில்லாக் கடைத் தொழிலில் பெரும்பணம் சேர்த்த சக் ஃபீனி 1984-லேயே சொத்தில் பெரும்பகுதியைத் தன் அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டார், அது 1997 வரை வெளியே தெரியாது. சுமார் 800 கோடி டாலரைக் கொடுத்து முடித்து 2020-ல் அறக்கட்டளையையே மூடினார், வாடகை வீட்டில்தான் இருந்தார். உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துத் திருத்தலாம் என்பது அவர் பக்க நியாயம், எனக்கும் சரியாகப் படுகிறது.

படி 10: எழுதி வைப்பது

எந்தக் கணக்கு எங்கே, எந்தக் காப்பீடு எதற்கு, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி, அது இருக்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். உயிலை உங்கள் நாட்டுச் சட்டப்படி சாட்சிகளோடு எழுதுங்கள். நாமினி பெயரும் உயிலும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் சண்டைக்கு நீங்களே வழி வைத்த மாதிரி. பிள்ளைகளுக்கு என்ன வரும், என்ன வராது என்பதை உயிரோடு இருக்கும்போதே வாயால் சொல்லிவிடுவது நல்லது. உங்களிடம் நீண்ட காலம் வேலை பார்த்தவர்களுக்குச் சேர வேண்டியதை வாரிசுகளின் நல்ல மனதுக்கு விடாமல் பெயர் போட்டு எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, வரிக் கணக்கு முடிக்கும் அதே வாரத்தில், எல்லாவற்றையும் சரிபாருங்கள். திருமணம், பிறப்பு, பிரிவு, இறப்பு என்று எது நடந்தாலும் அந்த வாரத்துக்காகக் காத்திருக்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.